காற்று ஆறிய இரண்டு மணித்தியாலம்

உமது மரண அறிவித்தலைத் திருகோணமலையில் ஒரு சலூனில் இருந்துதான் கேட்டேன். முகத்தில் பாதி வழித்தாகிவிட்டது, மற்றப் பாதியில் நுரை. மூலையில் பலகைத் தட்டில் இருந்த வானொலியில் பாட்டு நின்று, மரண அறிவித்தல்களுக்கு முன்னால் போடுகிற அந்த மெல்லிய இசை வந்தது. அந்த இசை கேட்கும் இடத்தில் நான் இருப்பதில்லை. பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். கடையென்றால் வெளியே வந்துவிடுவேன்; வீடென்றால் எழுந்துபோய் நிறுத்திவிடுவேன். சாவுச் செய்தி கேட்கப் பயம் என்று என் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அன்று கழுத்தில் கத்தி இருந்தது, எழும்ப முடியவில்லை. "ஊர்காவற்றுறையைச் சேர்ந்த" என்று அந்தக் குரல் தொடங்கியது. அடுத்து வந்தது உமது பெயர்.

நுரையைத் துடைத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறினேன். வவுனியாவில் மாறி, யாழ்ப்பாணத்தில் மாறி, மறுநாள் காலையில் உமது வீட்டுப் படலையைத் திறந்தேன். அடக்கம் பின்னேரம்தான். உமது சாவுக்கு நான் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இந்த வரியை எழுதக் கை கூசுகிறது. ஏன் கூசுகிறது என்பது உமக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டீர்.

யாழ்ப்பாணக் கச்சேரியில் ஒரே மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்து கோப்புப் புரட்டிய அரசாங்கக் கிளாக்கர்கள் நாம். உமக்குக் கடல் பிறப்போடு வந்தது. தகப்பன், பெரியப்பன் எல்லாரும் மீன்பிடித்தவர்கள். அந்தக் குடும்பத்தில் சப்பாத்துப் போட்டுக் கந்தோருக்குப் போன முதல் ஆள் நீர். நானோ சரவணையில் வயலும் பனையும் பார்த்து வளர்ந்தவன். சாட்டிக் கடற்கரையில் முழங்கால் மட்டும் இறங்கி நின்றதோடு என் கடல் அனுபவம் முடிந்திருந்தது. பெரியப்பாவின் பழைய வள்ளத்தை வாங்கி, நடுவில் இரண்டு பேர் படுக்கிற அளவுக்குப் பலகைக் கூடு ஒன்று அடித்து, புதுப் பாயும் தைப்பித்து, "வாரும் காணும், தீவெல்லாம் சுத்திப் பாத்துக்கொண்டு வருவம்" என்று நீர் என்னைக் கூப்பிட்டபோது உமது ஊரே சிரித்தது. "கடலிலை உழைக்கப் போறவையைக் கண்டிருக்கிறம். உலாத்தப் போறவையை இப்பத்தான் காணுறம்" என்றார் துறையில் நின்ற ஒருவர். நீர் அவருக்கு ஒரு சுருட்டை நீட்டிவிட்டுப் பாயை விரித்தீர்.

லீவு கிடைத்தபோதெல்லாம் போனோம். அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு. முதல் பயணத்தில் போகவும் வரவும் சத்தி எடுத்தவன், மூன்றாம் வருடத்தில் சுக்கான் பிடிக்கப் பழகிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் சந்தோசமாக இருந்த நாட்கள் அவை. இதை ஒருநாளும் உமக்குச் சொன்னதில்லை.

ஒவ்வொரு முறையும் துறை வரைக்கும் வந்து வழியனுப்புகிறவர் உமது அக்கா. திரேசக்கா. தாய் செத்தபோது உமக்கு ஏழு வயது, அவருக்குப் பதினெட்டு என்று சொல்லியிருக்கிறீர். ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்து உம்மைப் படிப்பித்தவர். தான் கலியாணம் கட்டவில்லை. வள்ளத்தில் ஏற முன்னம் உமது நெற்றியில் சிலுவை அடையாளம் போடுவார். நான் சைவம் என்று தெரிந்தும் என் நெற்றியிலும் போடுவார். "கடல் ஆரெண்டு பாக்காது" என்பார்.

அந்த வெசாக் லீவுக்கு முதல் நாள், கந்தோரில், நீர் வரவில்லை என்று சொன்னீர்.

"அக்காவுக்கு இழுப்புக் கூடிப்போச்சு. நெஞ்சு நோகுதெண்டும் சொல்லுறா. இந்த முறை விடுவம்."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"மருந்து தந்தவர். பயப்பிட ஒண்டுமில்லை எண்டார்."

"பேந்தென்ன? சோளகக் காத்துத் துவங்கினா ஆவணி கழியுமட்டும் கடலை நினைக்கேலாது. நெடுந்தீவு பாக்காமல் இந்த வருசமும் போயிடும். ரெண்டு நாளிலை திரும்பி வந்திடலாம். பக்கத்து வீட்டிலை சொல்லிப்போட்டு வாரும்."

நீர் பேனையை மேசையில் உருட்டிக்கொண்டு யோசித்தீர். "ஓம், ரெண்டு நாள்தானே" என்றீர் கடைசியில். அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்த மடலுக்கே தேவை வந்திராது.

முதல் நாள் நயினாதீவில் தங்கினோம். மறுநாள் காலை நல்ல கடல். மத்தியானத்துக்கு முன்பே நெடுந்தீவு மாவலித் துறைக்குள் நுழைந்துவிட்டோம். கரையில் கல்வேலிகளுக்கு அப்பால் குதிரைகள் மேய்வதைப் பார்த்து நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினேன். பின்னேரம் நீர் தெற்கே பார்த்தபடி வெகுநேரம் நின்றீர். "காத்துத் திரும்புது. இண்டைக்கு இஞ்சைதான்" என்றீர். இருட்ட முன்னம் சோளகம் வந்துவிட்டது. அந்த வருடம் அது பத்து நாள் முந்திவிட்டது.

காற்றுக்குக் காத்திருப்பது எப்படியென்று அங்கேதான் அறிந்தேன். சிறிய துறை, ஐந்தாறு வள்ளங்கள் கயிறோடு கயிறாய்க் கட்டிக்கிடந்து ஒன்றையொன்று உரசி முனகின. வெளியே, துறையின் வாய்க்கு அப்பால், கடல் வெள்ளை வெள்ளையாய்க் கொதித்தது. சனம் ஏற்றுகிற லோஞ்சும் ஓடவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லை: தண்ணீர் இறைப்பது, கயிறு தேயாமல் சாக்குச் சுற்றுவது, தேத்தண்ணிக் கடைக்குப் போவது, திரும்பி வந்து வானத்தைப் பார்ப்பது. இரண்டாம் நாளே நீர் அந்தத் துறையில் எல்லாருக்கும் சொந்தக்காரராகிவிட்டீர். நான் பெரும்பாலும் கூட்டுக்குள் படுத்து, உமது சின்ன றேடியோவில் பாட்டுக் கேட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நீர் அந்த ஊர்க்காரரோடு நண்டு பிடிக்கப் போயிருந்தீர். பாட்டு நின்று அந்த இசை வந்தது. ஊர்காவற்றுறையைச் சேர்ந்த செல்வி திரேசம்மா இன்று அதிகாலை காலமானார் என்றார்கள். நல்லடக்கம் நாளை மாலை நாலு மணிக்கு. பிறகு உமது பெயர். கடற்பயணம் சென்றிருக்கும் அன்னாரின் சகோதரர் எங்கிருந்தாலும் உடனடியாக வீடு திரும்பவும்.

நம்மிடம் றேடியோ இருப்பது தெரிந்து, யாரோ புத்தியாய் நமக்காகவே கொடுத்த அறிவித்தல் அது. அது வந்து சேர்ந்தது. கேட்டவன் நான்.

ஐந்து நிமிடத்தில் பிலிப்பண்ணை ஓடிவந்தார். உமக்கு அவரை நினைவிருக்கும். பக்கத்து வள்ளத்துக்காரர், மண்டைதீவுப் பக்கம் பெண் கட்டிய நெடுந்தீவார். தேத்தண்ணிக் கடையில் அவரும் கேட்டிருக்கிறார்.

"தம்பி, உங்கடை கூட்டாளியின்ரை பேரல்லோ சொன்னது?"

"ஓம் அண்ணை. அவற்றை தமக்கை."

"சேசுவே." நெஞ்சில் கைவைத்தார். "ஆள் எங்கை?"

"நண்டுக்குப் போட்டார். வந்தவுடனை நான் சொல்லுறன்."

அவர் துறையின் வாயைப் பார்த்தார். "இப்ப ஏலாது. ஆனா விடியப்புறம் காத்து ஆறும், ஒரு ரெண்டு மணித்தியாலம். மூண்டு நாளாப் பாக்கிறன், அப்பிடித்தான் செய்யுது. என்ரை வள்ளம் பெரிசு. குறிகட்டுவானிலை இறக்கிவிடுறன், அங்காலை பஸ் இருக்கு. சும்மா எண்டாப் போகமாட்டன். செத்த வீட்டுக்கெண்டாப் போவன். விடிய முன்னம் துறை மேடைக்கு வரச்சொல்லும்."

இப்படியொரு வழியும் இருந்தது. இதையும் உமக்குச் சொல்லவில்லை.

நீர் வந்தீர். சேட்டைக் கழற்றித் தலைப்பாகை கட்டியிருந்தீர். ஒரு கையில் நாலு நண்டு, கட்டிய கயிற்றில் ஆடிக்கொண்டு. வார்த்தைகளைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். "இஞ்சை வாரும், ஒரு செய்தி" என்று தொடங்குவதாக இருந்தேன்.

"என்ன காணும், முகம் ஒரு மாதிரிக்கிடக்கு? காத்துக்குப் பயந்திட்டீரோ?"

"ஓம்" என்றேன்.

நீர் சிரித்தீர். "பயப்பிடாதையும். காத்து முழுக்க நிண்டாத்தான் பாய் விரிப்பன். அக்காவுக்கு வாக்குக் குடுத்தனான், அவசரப்படமாட்டன் எண்டு. அவ செபமாலையும் கையுமாத்தான் இருப்பா. இருக்கட்டும், போய்ப் பேச்சு வாங்குவம்."

அதற்குமேல் என்னால் வாய் திறக்க முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிவந்த நியாயம் வேறு: செய்தி கேட்டால் நீர் அந்தக் கணமே வள்ளத்தை அவிழ்த்திருப்பீர், அந்தக் கடலில் செத்திருப்பீர், உம்மைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று. அது பொய். நான் பயந்தது கடலுக்கல்ல, உமது முகத்துக்கு. செய்தியைக் கேட்டதும் நீர் என்னைப் பார்த்திருப்பீர். கந்தோர் மேசையில் நான் சொன்ன அந்த "ரெண்டு நாளிலை திரும்பி வந்திடலாம்" உமக்கு நினைவு வந்திருக்கும். வாயால் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டீர். அந்தப் பார்வையைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை.

சோறு ஆக்கியபின் சொல்வோம் என்று நினைத்தேன். சாப்பிட்டபின் சொல்வோம் என்று நினைத்தேன். நீர் சட்டி கழுவக் கிணற்றடிக்குப் போனபோது, ஆறு மணிக்கு அந்த அறிவித்தலைத் திரும்பவும் வாசிப்பார்கள் என்பது நினைவு வந்தது. றேடியோவின் பின்மூடியைக் கழற்றினேன். பற்றரிகளை எடுத்துக் கடல்நீரில் அமிழ்த்தி, அப்படியே திரும்பப் போட்டு, உள்ளேயும் ஒரு கை தண்ணீர் ஊற்றினேன். கை நடுங்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்றும் விளங்காதது.

ஆறு மணிக்கு நீர் றேடியோவைத் திருகினீர், சத்தம் இல்லை. திறந்து பார்த்தீர். "சீ! உப்புத்தண்ணி பட்டிட்டுது. நான்தான் வெளியிலை வைச்சிட்டுப் போனனான். கூடப் பற்றரியும் வாங்கேல்லை. மடையன் நான்." கடையில் கேட்டுப் பார்க்க எழும்பினீர். மழைத் தூறல் வந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்துவிட்டீர்.

விடிய முன்னம் காற்று ஆறியது. பிலிப்பண்ணை சொன்னது அச்சொட்டாக நடந்தது. நீர் நல்ல நித்திரை. வள்ளங்களின் முனகல் நின்றுபோனதில் நான் விழித்தேன். மேடையில் அவர் காத்துக்கொண்டு நின்றார், பாய் பாதி விரித்தபடி. உம்மை எழுப்ப உமது தோளில் கைவைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன். இறங்கிப் போனேன்.

"ஆள் எங்கை?"

"சொன்னனான் அண்ணை. அவர் வரேல்லை எண்டுட்டார்."

"என்ன?"

"பயமாக்கிடக்காம். வரேல்லையாம்."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு நம்பினார். "கூடப்பிறந்த தமக்கையின்ரை செத்த வீட்டுக்கோ? அதுவும் எங்கடை ஊர்காவற்றுறையான்?" காறித் துப்பினார். "அப்பிடியும் ஒரு மனுசன்."

என் கோழைத்தனத்தை எடுத்து உமது பெயரில் எழுதிவிட்டேன். செய்தியை மறைத்தது ஒரு பாவம். இது அதைவிடப் பெரிது.

அவர் உடனே புறப்பட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகவிருந்த ஒரு பெண்ணையும் அவள் புருசனையும் ஏற்றிக்கொண்டார். நீர் கண்விழித்தபோது பாய் தூரத்தில், கரையில் பொறுக்குகிற ஒரு சோகி அளவுக்குத் தெரிந்தது. "ஆர் காணும் போறது? நல்ல துணிச்சல்காரன்" என்று எழுந்து நின்று பார்த்தீர். "ம்... இந்த நேரத்திலை போகலாந்தான். ஏதும் அவசரமெண்டால் நானும் போயிருப்பன்." பாய் நேராகப் போய் மறையும்வரை இருவரும் பார்த்தோம். ஒரு தள்ளாட்டமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நீர் பாயின் கரையைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தீர். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏதோ ஒரு மாதா பாட்டை முனகினீர்.

மறுநாள் பிலிப்பண்ணை திரும்பி வந்தார். "எப்பிடியண்ணை கடல்?" என்று நீர் கேட்டீர். அவர் உம்மைக் கடந்து போனார். தேத்தண்ணிக் கடையிலும் யாரும் உமக்கு இடம் விடவில்லை. "இந்த மனுசருக்கு நான் என்ன செய்தனான்?" என்று என்னிடம் கேட்டீர். "காத்து எல்லாருக்கும் விசர் பிடிக்கப் பண்ணிப்போட்டுது" என்றேன். அதை நீர் ஏற்றுக்கொண்டீர். நான் சொன்ன எதையும் நீர் ஏற்காமல் விட்டதில்லை.

ஆறாம் நாள்தான் காற்று விழுந்தது. ஊர்காவற்றுறையில் கயிறு எறிய முன்னமே துறையில் நின்ற ஒரு கிழவர் கத்தினார்: "எங்கையடா போனனீ? றேடியோவிலை ரெண்டு நாள் சொன்னது! முந்தநாள் அக்காவைத் தாட்டாச்சு!" நீர் விளங்காமல் நின்றீர். பிறகு விளங்கியது. என்னைப் பார்ப்பீர் என்று நான் கயிற்றைக் குனிந்து பிடித்தேன். நீர் என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டுக்குள் கிடந்த அந்த றேடியோவைத்தான் பார்த்தீர்.

சேமக்காலையில் அக்காவின் குழி மணல் இன்னும் ஈரமாகக் கிடந்தது. நீர் முழந்தாளிட்டு இருந்தீர், செபம் சொல்லவில்லை. "ரெண்டு பற்றரி. ரெண்டு பற்றரி கூட வாங்கியிருக்கலாம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னீர். நான் உமக்குப் பின்னால் நின்றேன். வாய்திறக்க அதைவிட நல்ல நேரம் வாழ்க்கையில் வராது. உமது தோளைப் பிடித்து எழுப்பினேன், அவ்வளவுதான்.

வள்ளத்தை அந்த மாதமே விற்றுவிட்டீர். அடுத்த வருடம் நான் திருகோணமலைக்கு மாற்றம் கேட்டுப் போனேன். பதவி உயர்வு என்று சொன்னேன், அதுவும் பொய். தினமும் அந்த மேசையின் மறுபக்கத்தில் உமது முகம் இருந்தது, அதுதான் காரணம். நீர் ரீற்றாவைக் கட்டினீர், பிள்ளைகள் வந்தார்கள், வருடம் இரண்டு கடிதம் தவறாமல் எழுதினீர். உமது வீட்டு அலுமாரியில் ஒரு தட்டு முழுக்கப் பற்றரி இருக்கும் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு முறை மட்டும், திரேசக்காவின் ஆண்டுப் பூசைக்கு வந்தபோது, "அண்டைக்கு நெடுந்தீவிலை..." என்று தொடங்கினேன். நீர் கையைக் காட்டி நிறுத்தினீர். "அதை விடும் காணும். உம்மிலை என்ன பிழை? நீர் பக்கத்திலை இருந்தபடியாத்தான் நான் அண்டைக்கு விழாமல் நிண்டனான்." நான் விட்டுவிட்டேன். உமது நல்ல மனதை எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன்.

உமது முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் போனபின், குசினி வாசலில் நின்ற ரீற்றாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் விடவில்லை. அவள் கையில் ஒரு தட்டம் இருந்தது. கேட்டு முடியும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

"ஏன் அண்ணை இதை எனக்குச் சொல்லுறியள்?" என்றாள். சத்தம் போடவில்லை. "அவர் சாகுமட்டும் தன்னைத்தான் பேசிக்கொண்டிருந்தவர். கடைசிக் காய்ச்சலிலையும் அக்கா, பற்றரி எண்டவர். அப்ப நீங்கள் வரேல்லை. இப்ப வந்து இறக்கி வைச்சிட்டியள். நான் இதை ஆரிட்டைக் கொண்டுபோக? பிள்ளையளிட்டையோ?"

அவள் தட்டத்தைக் கீழே வைத்தாள். அவளே திரும்பச் சொன்னாள்: "நெடுந்தீவிலை அந்த மனுசன் இண்டைக்கும் அவரை அப்பிடித்தானே நினைச்சுக்கொண்டிருக்கும். முதல் அங்கை போங்கோ. போய் அவற்றை பேரைத் திருத்துங்கோ." பிறகு சாப்பாடு போட்டாள். அவள் பார்க்க நான் முழுவதையும் சாப்பிட்டேன்.

நேற்று நெடுந்தீவுக்குப் போனேன். லோஞ்சில், தெளிந்த கடலில். பிலிப்பண்ணை இரண்டு வருடத்துக்கு முன்பே செத்துப்போனார். மகன் இருந்தான், என்னைவிடப் பத்து வயது குறைவு. யார் என்று சொல்லாமல், இப்படி இப்படி ஊர்காவற்றுறையிலிருந்து ஒருவர் காற்றுக்குத் தங்கியிருந்தார், நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"தமக்கையின்ரை செத்த வீட்டுக்குப் போகாத ஆளோ?" என்றான் உடனே. "அப்பு அடிக்கடி சொல்லுவார். இஞ்சை துறையிலை எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். கடலுக்குப் பயந்தவனைக் கண்டா அவற்றை கதையைத்தான் சொல்லுவினம்."

அவனிடம் நடந்ததைச் சொன்னேன். அங்கே நின்ற இன்னும் நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னேன். அந்த மனிதருக்குச் செய்தியே தெரியாது என்றேன். தெரிந்திருந்தால் உன் தகப்பனுக்கு முன்பே மேடையில் வந்து நின்றிருப்பார். பயந்தவன் நான், என் பெயர் இது, என் ஊர் சரவணை என்றேன். மகன்தான் கடைசியில், "அப்பு இருக்கேக்கை வந்திருக்கலாம், ஐயா. அவருக்கும் அது ஒரு மனவருத்தமாத்தான் கிடந்தது. நல்ல பொடியன், ஏன் அப்பிடிச் செய்தவன் எண்டு கேட்டுக்கொண்டிருந்தவர்" என்றான்.

உமக்குச் சொல்லவேண்டியதை உம்மைத் தவிர எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டேன். சொல்லச் சொல்லக் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. ரீற்றாவிடம் ஒரு பங்கு, அந்த மகனிடம் ஒரு பங்கு, என்னிடம் முழுவதும் அப்படியே.